இருக்கை நிரப்பிய கண்டக்டர்

அந்தச் சின்ன ஊரின் விமான நிலையத்துக்கு யாராவது வரலாறு எழுத வந்தால் அடிக்கல் நாட்டிய மந்திரியின் பெயர் வரும், ரிப்பன் வெட்டிய அதிகாரியின் பெயர் வரும், வணிகர் சங்கத் தலைவரின் படம் வண்ணத்தில் வரும். ரைட்டுவின் பெயர் வராது. ஆனால் உண்மையைச் சொல்வதென்றால், அந்த நிலையத்தைக் கடைசிவரை தாங்கி நிறுத்தியது சிமென்ட்டும் இரும்பும் அல்ல. வேலைவெட்டி இல்லாத சில பேர் தினமும் கொண்டுபோய் உட்கார வைத்த பின்புறங்கள்தான். அவற்றில் ஒரு நாள்கூட லீவு போடாத பின்புறம் ரைட்டுவுடையது.

நிலையத்தின் பிறப்பே கோணல். ஏதோ ஒரு பழைய யுத்தத்தில் ராணுவம் அவசர அவசரமாக ஒரு தார்ப்பாதை போட்டது. ஒரே ஒரு விமானம் இறங்கி, சக்கரம் உடைந்து, அதையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு யுத்தம் முடிந்தது, ராணுவம் போனது, தார் மட்டும் மிஞ்சியது. அதில் ஆடு மேய்ந்தது, தானியம் காய்ந்தது. கார் ஓட்டப் பழகியவர்கள் எல்லாரும் அங்கேதான் முதலில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரை மிதித்தார்கள். அப்புறம் ஒரு தேர்தல் வந்தது. வாக்குக் கொடுத்த மந்திரி மறதிக்காரர் இல்லை போலிருக்கிறது, செய்தும் தொலைத்தார். வேலி வந்தது, பஸ் நிலையத்துக் கழிப்பறையைவிடக் கொஞ்சம் பெரிய கட்டடம் வந்தது, நகரத்துக்குத் தினம் ஒரு விமானம் வந்தது.

முதல் மாதம் ஊரே தலைகால் புரியாமல் ஆடியது. டிக்கெட்டுக்கு அடிதடி. ஒரு தடவை ஏறி, மேகத்தைப் பார்த்து, காது அடைத்து, இறங்கியதோடு எல்லாருக்கும் ஆசை தீர்ந்தது. மலையைச் சுற்றிப் போகிற ராத்திரி பஸ்ஸே போதும் என்று திரும்பிவிட்டார்கள். விமானம் காற்று வாங்கியது. அரசாங்கத்திலிருந்து செய்தி வந்தது: இருக்கைகளில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பினால்தான் மானியம், வருஷக் கடைசியில் ஆள் வந்து பார்க்கும், குறைந்தால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

சங்கத் தலைவருக்குத்தான் இதில் நஷ்டம் அதிகம். அவர் இரும்புக்கடைக்காரர். விமான நிலையத்தைச் சுற்றி எந்தத் திசையில் கல்லெறிந்தாலும் அவர் வாங்கிப் போட்ட நிலத்தில்தான் விழும். அன்றைக்கே தன் சரக்கு அடுக்கி வைக்கும் இரும்புக் கிட்டங்கியில் கூட்டம் போட்டார். சங்கமே டிக்கெட் எடுத்து, சும்மா இருக்கிறவர்களை ஏற்றி அனுப்புவது என்று முடிவானது. சீட் ஆட்கள் என்று அவர்களுக்குப் பெயரும் வைத்தாயிற்று.

அந்தக் கூட்டத்தில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்தான் கையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்டார். "போறப்ப மட்டும் ஆள் இருந்தா போதுமா, வர்றப்பவும் வேணுமா?"

யாருக்கும் தெரியவில்லை. அரசாங்கத்தைக் கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயம். எல்லாரும் ரைட்டுவைப் பார்த்தார்கள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போக்குவரத்து என்றால் அந்த ஊரில் அவர்தான் விஷயம் தெரிந்தவர். வண்டி கிளம்பும்போது அவர் போடுகிற "ரைட்" மூன்று தெருவுக்குக் கேட்கும் என்பதால் வந்த பெயர் அது.

ரைட்டு எழுந்து நின்றார். இப்படி ஒரு சபை அவரை எதற்கும் கேட்டதில்லை. "ட்ரிப்புன்னா போறதும் வர்றதும்தான். எந்த டிப்போலயும் ஒரு பக்கத்தை மட்டும் எண்ண மாட்டாங்க. வர்றப்ப வண்டி காலின்னா அந்த ட்ரிப்பே நஷ்டம்னுதான் எழுதுவாங்க" என்றார். சபை தலையாட்டியது. அப்படியே சட்டமானது.

அன்றுமுதல் சீட் ஆட்களுக்கு அதுவே பிழைப்பு. காலையில் ஏறுவது, நகரத்தில் இறங்குவது, விமான நிலையத்தின் உள்ளேயே ஒரு காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருப்பது, அதே விமானத்தில் திரும்புவது. நகரத்துத் தெருவில் ஒருவரும் கால் வைத்ததில்லை. மலிவாகக் கிடைத்ததால் சங்கம் மாதம் முழுவதற்கும் அவரவர் பேரில் மொத்தமாக டிக்கெட் எடுத்துவிட்டது. ஒருவர் பேரில் இன்னொருவர் ஏற முடியாது. யாராவது கேட்டால் சொல்வதற்கு ஆளுக்கொரு காரணமும் கொடுத்திருந்தார் இரும்புக்கடைக்காரர். கடிகாரக்காரர் உதிரி பாகம் வாங்கப் போகிறார். ரைட்டு மகளைப் பார்க்கப் போகிறார்.

அவருடைய மகள் உண்மையாகவே அந்த நகரத்தில்தான் இருந்தாள்.

துணிகளுக்கு இஸ்திரி போடுகிற ஒரு பெரிய சலவை நிறுவனத்தில் வேலை, பெண்கள் விடுதியில் ஒரு கட்டில். புருஷன் என்று ஒருத்தன் இருந்தான், விட்டுவிட்டுப் போய்விட்டான். அவளைப் பற்றி ரைட்டுவுக்குக் கவலை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் மகன் என்றால் அவருக்குக் கொஞ்சம் கூடுதல். கேட்டுப் பாருங்கள், இல்லவே இல்லை என்று சத்தியம் செய்வார். மகன் படிப்பு ஏறாமல் சுற்றித் திரிந்தபோது தூங்காமல் கிடந்த மனுஷன், மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக நகரத்துக்குக் கிளம்பிய அன்று டியூட்டிக்குப் போனார். அவள் பஸ் நிலையத்தில் அவர் வண்டியைத் தேடிவந்து சொல்லிவிட்டுப் போனாள். வண்டி கிளம்புகிற நேரம், "சரிம்மா, பாத்துப் போ" என்று படியில் நின்றபடியே சொல்லி அனுப்பினார்.

சீட் ஆளாக அவர் ஒப்புக்கொண்டதும் மகனுக்காகத்தான். இரும்புக்கடைக்காரர் அவனை விமான நிலையத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலையில் சேர்த்துவிட்டார். தற்காலிகம். "நிலையம் நின்னா அவன் வேலையும் நிக்கும். நிலையம் ஓடினா நிரந்தரம்" என்று ஒரே மூச்சில் சொன்னார். அதற்குள் மகனுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருந்தது.

அந்தக் காத்திருப்பு அறைக்கும் வெளிக் கூடத்துக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர். ரைட்டு தினமும் வந்து போவதைக் கேள்விப்பட்ட மகள், வார விடுமுறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். இவர் இந்தப் பக்கம். சத்தம் கேட்காது என்பதால் இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு எதிரெதிரே நின்று பேசினார்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது. "ஜெயிலுக்கு மனு போட்டுப் பாக்க வர்ற மாதிரி இருக்கே" என்று காவலாளி ஒருநாள் சிரித்தான். மகளும் சிரித்தாள்.

"ஏம்பா, கதவு அங்கதானே இருக்கு. ஒரு எட்டு வெளிய வந்துட்டுப் போங்களேன். டீ குடிக்கலாம்."

"வெளிய வந்தா மறுபடி செக்கிங்கு, வரிசை. வண்டி போயிரும்மா."

"போனா போகட்டும். நைட்டு பஸ்ல அனுப்பி வைக்கறேன்."

"அப்ப என் சீட்டு?" என்றார் ரைட்டு. அவள் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஏதோ அழுக்கை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. பிறகு ஒரு வாரம் வந்தவள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டுதான் பேசினாள். அடுத்த வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதற்கடுத்த வாரம் வரவில்லை. வயிற்றில் கட்டி, அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும், உள்ளே போகும்போது சொந்தக்காரர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள் என்று போனில் சொன்னாள். "நீங்க இருந்தா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்பா" என்றாள். அவள் அதுவரை அவரிடம் எதையும் கேட்டவள் இல்லை.

ரைட்டு இரும்புக்கடைக்குப் போனார். விஷயத்தைச் சொல்லிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அடடா" என்றார் இரும்புக்கடைக்காரர். உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார். பிறகு சொன்னார்: "ரைட்டண்ணே, இது வருஷக் கடைசி. நாம கரெக்டா கோட்டு மேல நிக்கிறோம். ஒரு சீட் குறைஞ்சாலும் கணக்கு உதைக்கும். நீங்க அங்க இறங்கிட்டீங்கன்னா திரும்பி வர்ற சீட் காலி. அங்கிருந்து ஏத்தறதுக்கு நமக்கு யாரு இருக்கா?"

"ஒரே ஒரு நாள்தானே முதலாளி."

"ட்ரிப்புன்னா ரெண்டு பக்கமும்னு சொன்னதே நீங்கதானேண்ணே. நான் வேணாம்னா சொல்றேன்? உங்க பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. அவன் சரின்னா எனக்கும் சரி."

கெட்டிக்கார மனுஷர். மறுப்பதைத் தன் வாயால் மறுக்கவில்லை.

மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டைப் பார்த்தபடியே கேட்டான், பார்த்தபடியே பதில் சொன்னான். "கட்டிதானப்பா. எத்தனை பேர் எடுத்துக்கிட்டு நடமாடறாங்க. விடுதில கூட இருக்கற பொண்ணுங்க பாத்துக்க மாட்டாங்களா? இந்த மாசம் முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அவளுக்கு எப்பவுமே அவசரம்" என்றான். அவன் பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ரைட்டு வாதாடவில்லை. ஆனால் மனசுக்குள் ஒன்றைத் தீர்மானம் செய்தார். சொல்லாமல் கொள்ளாமல், அன்றைக்கு நகரத்தில் கதவைத் திறந்துகொண்டு நடந்துவிடுவது. அப்புறம் வருவது வரட்டும். மகளுக்கும் போன் செய்து, "வந்துடறேன்மா, நீ பயப்படாத" என்று சொல்லிவிட்டார். அவள் போனில் அழுதது அவருக்குக் கேட்டது.

அந்த நாள் வந்தது. நகரத்தில் இறங்கினார். மற்ற சீட் ஆட்கள் வழக்கம்போல் அவரவர் நாற்காலியைப் பிடித்தார்கள். ரைட்டு உட்காரவில்லை. கதவு வரைக்கும் போனார். பின்னாலேயே கடிகாரக்காரர் வந்தார்.

"போறியா?"

"போறேன்யா. பொண்ணு உள்ள போகப் போறா."

"போ. நான் தடுக்கல. ஆனா நம்ம ஊர்ல எறங்குனதும் உன் பையன் வண்டிக்குக் கீழ நிப்பானே, அவன்கிட்ட நான் என்ன சொல்றது? அதை மட்டும் சொல்லிட்டுப் போ."

ரைட்டு கதவுக் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். காவலாளி, "வெளிய போறீங்களா பெரியவரே? போனா இந்த வழியா திரும்பி வர முடியாது" என்றான். அவன் வேலையை அவன் செய்தான். அந்த நேரத்தில் போன் அடித்தது.

"அப்பா, எங்க இருக்கீங்க? என்னை உள்ள கூப்பிடறாங்க."

"வந்துக்கிட்டே இருக்கேன்மா."

"இறங்கிட்டீங்களா?"

"இறங்கிட்டேன். இதோ, பக்கத்துல வந்துட்டேன். நீ தைரியமா போ."

"சரிப்பா" என்றாள். குரலில் ஒரு தெம்பு வந்திருந்தது.

விமானத்துக்கு அழைப்பு விட்டார்கள். ரைட்டு கையை எடுத்தார். வரிசையில் போய் நின்றார். தன் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். முப்பது வருஷம் வண்டியைத் தவறவிடாத பழக்கம், மகன் மேல் பயம், சபையில் தானே சொன்ன சொல் என்று அவர் சார்பில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். நான் அவருக்கு வக்காலத்து வாங்கப் போவதில்லை. கதவு பூட்டியிருக்கவில்லை. யாரும் அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அவர் போகவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. அறுவைச் சிகிச்சை முடிந்து ஒரு ராத்திரி தாங்கியிருக்கிறாள். பிறகு தாங்கவில்லை.

இரும்புக்கடைக்காரர் அன்றைக்குக் காட்டிய சுறுசுறுப்பைச் சொல்ல வேண்டும். நகரத்தில் அவருக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரியைப் பிடித்து எல்லாவற்றையும் போனிலேயே முடித்தார். உடலைப் பெட்டியில் வைத்து விமான நிலையத்துக்கே கொண்டுவந்துவிடுவார்கள், கட்டணமும் கிடையாது, ரைட்டு ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியதில்லை. "நீங்க எப்பவும்போல போங்க. அதே வண்டில அவளையும் கூட்டிட்டு வந்துடுங்க" என்றார். அவர் அதை உபகாரமாகத்தான் நினைத்தார்.

ரைட்டு எப்பவும்போல போனார். எப்பவும்போல காத்திருந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தார், வெளியே யாரும் இல்லை, அந்தப் பெட்டி வேறு வழியாகப் போய் வால் பக்கத்துச் சாமான் அறையில் ஏறியது. திரும்பும்போது அவர் தன் இருக்கையில் இருந்தார். அவருக்குப் பின்னால் சில அடி தூரத்தில், ஒரு தகரச் சுவருக்கு அப்பால், மகள் இருந்தாள். அவள் ஆள் கணக்கில் சேரவில்லை. சரக்குதான்.

ஊரில் சாமான் அறைக் கதவைத் திறந்தது அவள் தம்பி. அது அவன் வேலை. பெட்டியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தவன், கனம் தாங்காமல் திரும்பி, "அப்பா, ஒரு கை பிடிங்க" என்றான். ரைட்டு வரிசையை விட்டு விலகினார். பயணிகள் மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது என்று காவலாளி அவர் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டான். கட்டடத்துக்குள் இரும்புக்கடைக்காரர் மாலையோடு நின்றிருந்தார். கூடியிருந்தவர்களிடம், "பெத்த மகள் சாவக் கிடக்கறப்பகூட சீட்டைக் காலியா விடாத மனுஷன். நம்ம ஊரு இவருக்குக் கடன்பட்டிருக்கு" என்று உரக்கச் சொன்னார். சில பேர் தலையாட்டினார்கள். ரைட்டுவுக்கு அந்த இடத்திலேயே செத்துவிட்டால் தேவலை என்றிருந்தது. ஆனால் அவர் அந்த வார்த்தைக்கும் கும்பிடு போட்டார்.

அடக்கம் முடிந்து சில நாளில் மறுபடி ஏறினார். மாத டிக்கெட் அவர் பேரில் இருந்ததே.

ஒரு நாள் திரும்பும் விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். நடுத்தர வயது, மடியில் பிஸ்கட் பொட்டலம். ஒன்றை இவருக்கும் நீட்டினார்.

"எங்க போயிட்டு வர்றீங்க?"

"மகளைப் பாத்துட்டு வர்றேன்" என்றார் ரைட்டு. அந்தக் கேள்விக்கு அவர் வாய் அதைத்தான் சொல்லும்.

அந்த அம்மா சிரித்தார். "எங்கிட்ட எதுக்குங்க? நான்தான் உங்க ஏர்போர்ட்டைப் பாக்க வர்ற அதிகாரி. காத்திருக்கற ரூம்ல உங்க எல்லாரையும் பாத்தேன். யாரும் வெளியவே போகலையே. பயப்படாதீங்க, எல்லா சின்ன ஊர்லயும் இதைத்தான் செய்றாங்க. ஏறின ஆளு ஏறின ஆளுதான், எங்களுக்கு எண்ணிக்கை சரியா இருந்தா போதும்." பிஸ்கட்டைக் கடித்தார். "ஆனா எனக்கு ஒண்ணு புரியல. நீங்க எதுக்கு இதே விமானத்துல திரும்பி வர்றீங்க?"

"திரும்பி வர்ற சீட்டும் நிரம்பணுமே."

"யாரு சொன்னது? உங்க ஊர்ல ஏறுறவங்களை மட்டும்தானே நாங்க எண்ணுறோம். வர்றது எங்க கணக்குலயே கிடையாதே. சும்மா நாள் பூரா சுத்திப் பாத்துட்டு நைட்டு பஸ்ல வந்து, மறுநாள் காலைல ஏறிக்கலாமே?"

ரைட்டு கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தார். அதைத் தின்பதா, வைப்பதா என்று தெரியவில்லை. இறங்கும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

அவர் அதைத் தனக்குள் வைத்துப் புதைத்திருக்கலாம். அன்றைக்கே இரும்புக் கிட்டங்கிக்குப் போய்ச் சபையில் சொன்னார். யாராவது தன்னை அடிக்க மாட்டார்களா என்று போனார் என்றுதான் நினைக்கிறேன். யாரும் அடிக்கவில்லை.  மகன் ஒரு ஓரத்தில் சாய்ந்து நின்றிருந்தவன் வெளியே போய்விட்டான். இரும்புக்கடைக்காரர் மனக்கணக்குப் போட்டு முடித்து முகம் மலர்ந்தார்.

"அட, ரெண்டு வருஷத்துக்கு மேல வீணால்ல திரும்பி வந்துட்டிருந்தோம்! சரி விடுங்க, இனிமே போறதுக்கு மட்டும் டிக்கெட். வர்றது பஸ்ல. நல்ல செய்தி கொண்டாந்தீங்க ரைட்டண்ணே."

அடுத்த வாரம் விமானம் நகரத்தில் இறங்கியதும் சீட் ஆட்கள் எல்லாரும் கூட்டமாகக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்கள். கடிகாரக்காரர் கடைவீதியைக் கேட்டுக்கொண்டு கிளம்பினார். ரைட்டு ஒரு ஆட்டோக்காரரிடம் ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டார். "இங்கிருந்து ஆட்டோ எதுக்கு? அந்தத் திருப்பத்துல தெரியுதே, அந்தப் பச்சைக் கட்டடம்தான். நடந்தே போயிடலாம்" என்றார் அவர்.

நடந்தே போனார். வார்டில் வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் மகளின் அடையாளம் சொன்னார். அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"ஐயோ, அந்தப் பொண்ணா? நினைவு வந்தப்பல்லாம் எங்கப்பா வந்துட்டாரான்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சுங்க. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காரு, ஆம்பளைங்களை உள்ள விட மாட்டாங்கன்னு நான்தான் பொய் சொன்னேன். சாப்டாரான்னு கேட்டுச்சு. சாப்டாருன்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் தூங்குச்சு." அவள் கையைத் துடைத்துக்கொண்டு இவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்" என்றார் ரைட்டு. "ஒரே ஊரு."

வெளியே வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். பஸ் ராத்திரிதான். அதுவரைக்கும் அவருக்கு வேறு வேலை எதுவும் இல்லை.